நொய்யலில் நீரெடுக்கக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கமுங்க.

நொய்யல் ஆறு என்றாலே திருப்பூர்ச் சாயம்தான் பேச்சில் வரும். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் ஊரறிந்த கதை. திருப்பூர் போகும் முன்பே, கோயம்புத்தூரைத் தாண்டும்போதே ஆறு என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆலாந்துறையில் தொடங்கி சூலூர் வரை தண்ணீர் எடுத்தோம். சாயப்பட்டறைக்குப் பூட்டுப் போட ஆளுண்டு. நம் வீட்டுக் குளியலறைக்கும் சமையலறைக்கும் யார் போடுவது?

முதல் நன்றி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கக் கல்லூரி ஆய்வகத்தில் மருந்து கலந்து கொடுத்த அண்ணனுக்கு. பாட்டிலை நீருக்குள்ளேயே முக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடப் பிள்ளைகளை வாளித் தண்ணீரில் வைத்தே பழக்கினார். மாங்கனீசு சல்பேட்டு, அடுத்துக் கார அயோடைடு. இரண்டையும் விட்டுக் குலுக்கினால், ஆக்சிஜன் இருக்கிற தண்ணீர் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே படியும். பேரூருக்கு மேலே எடுத்ததெல்லாம் நல்ல காப்பிக் கலர். சிங்காநல்லூர் தாண்டி எடுத்தது வெள்ளை. "அண்ணா, இதுல மருந்து ஊத்த மறந்துட்டீங்களா?" என்று ஏழாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி கேட்டாள். மறக்கவில்லை கண்ணு. சாக்கடையைத் தின்னும் கிருமிகள் அதிலிருந்த ஆக்சிஜனை முழுசாகக் குடித்துவிட்டன.

சங்கனூர்ப் பள்ளம் என்கிற ஓடையோரம் எங்களோடு நடந்த தூய்மைப் பணியாளர் அக்காமாரே, உங்களுக்குத் தெரியாத குழாய் அந்தப் பக்கம் கிடையாது. மழைநீர் வடிகாலில் சித்திரை வெயிலிலும் சோப்பு நுரை ஓடுகிறதென்றால் அது எந்த மழை? எந்த வீதியின் கழிவை அதில் இணைத்திருக்கிறார்கள், செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் எங்கே வந்து நிற்கும் என்று நீங்கள் காட்டிய பிறகுதான் எங்கள் வரைபடம் உருப்பட்டது. ஓர் அலுவலகத்துக்கு மனு மேல் மனுவாகப் போட்டும் கிடைக்காத விவரம் இது.

இருகூர்த் தோட்டத்து ஐயாவுக்குத் தனி நன்றி. கோடையில் மலையிலிருந்து தண்ணீர் வராது, ஊர்க்கழிவுதான் ஆறாக ஓடும் என்பது எங்களுக்கும் தெரியும். முதல் மழை அதைக் கழுவிவிடும் என்று நினைத்திருந்தோம். "அன்னிக்குத்தானுங்க மீன் செத்து மிதக்கும்" என்றார் அவர். சிமெண்டும் தாரும் போட்ட ஊரில் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லை. மாதக்கணக்கில் ரோட்டில் கிடந்த எண்ணெய், டயர்த் தூள், வடிகாலின் அடிச்சேறு அத்தனையையும் ஒரே மூச்சில் ஆற்றுக்குள் தள்ளிவிடுகிறது. மழை தொடங்கிய ராத்திரியே அவர் போன் போட்டார். விடியும் முன் எடுத்த அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் இன்று எங்களிடம் இருப்பதிலேயே பெரிய ஆதாரம்.

ஐஸ் பெட்டிக்கு இடமும் கணக்கில்லாமல் டீயும் கொடுத்த கடைக்கார அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர்கள் துணியில் ஏறிய நாற்றத்தையும் பொறுத்துக்கொண்ட பெற்றோர், வண்டி கொடுத்தவர்கள், எல்லோருக்கும் நன்றிங்க.

அளவுகளை வார்டு வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் வைப்பதாக உத்தேசம்; அந்தந்த வீதிக்காரர்களே எழுந்து பேசினால்தான் எடுபடும், வந்துவிடுங்கள். ஐஸ் பெட்டியின் நீல மூடி மட்டும் யார் வீட்டிலோ தங்கிவிட்டது. டீக்கடையில் கொடுத்துவிட்டால் போதும்.

அன்புடன்,
நீர் எடுத்த குழுவின் சார்பில்