பிள்ளைகளைக் காட்டி நன்கொடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள், ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டுகிறவர்கள், அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பரட்டைத் தலையும் ஒழுகும் மூக்குமாக, கருவாடு காயும் மணலில் உட்கார்ந்து அழுகிற ஒரு பெண் குழந்தை. மாதாமாதம் வங்கிக் கணக்கில் இருந்து பிடித்துக்கொள்ள ஒரு கையெழுத்துப் போடுங்கள், இந்தக் குழந்தை சிரிக்கும் என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அம்மா கருவாடு காயப் போடும்போது பக்கத்தில் பிள்ளை விளையாடுவதும் விழுந்து அழுவதும் எங்கள் கரையில் தினமும் நடப்பதுதானே. அந்தத் தாயைக் கேட்டுத்தான் இதை எடுத்தீர்களா என்றேன். பதில் வரவில்லை.

நன்கொடை கேட்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நானும் கொடுக்கிறவன்தான். பிள்ளைகளுக்காக நாடு முழுக்க வேலை செய்கிற க்ரை அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் மும்பையில் ஏர் இந்தியா விமானப் பணியாளராக இருந்த ரிப்பன் கபூர், ஆறு நண்பர்களோடு சேர்ந்து 50 ரூபாயில் தொடங்கியது அது. வாழ்த்து அட்டை விற்றே வளர்ந்தார்கள். தாங்களே எல்லா ஊரிலும் போய் உட்காராமல், அந்தந்த ஊரில் ஏற்கெனவே பிள்ளைகளுக்காக உழைக்கிற சின்ன அமைப்புகளைத் தேடிப் பிடித்துக் கைகொடுப்பது அவர்கள் வழக்கம். அப்புறம் ஒன்று செய்தார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆரம்பத்தில் அமைப்பின் பெயரில் நிவாரணம் என்று பொருள்படும் சொல் இருந்தது, 2006-ல் அதை எடுத்துவிட்டு உரிமை என்று வைத்தார்கள். நிவாரணம் கொடுக்கிறவர் மனசு வைத்தால்தான் உண்டு. உரிமை என்றால் கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்று அதிகாரியிடம் போய் நின்று கேட்கலாம்.

எங்கள் பக்கம் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வீட்டில் கையிருப்பு கரைந்து போயிருக்கிற அந்த ஜூனில்தான் பள்ளியும் திறக்கும். லீவில் கரைவலை இழுக்கவும் ஐஸ் உடைக்கவும் போன பையன் நாலு காசு பார்த்துவிட்டால் மறுபடி வகுப்புக்குத் திரும்புவது கஷ்டம். அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன வீட்டில் மூத்த பிள்ளைதான் அடுத்த சம்பாத்தியம். டி.சி.யை நகல் எடுக்க வரும் தாய்மார்களிடம் ஏம்மா என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்துகிறவனுக்கு அந்தச் சட்டம் எதையும் கொடுக்காது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றார்கள், சரி, ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்துவிட்டார்கள். கடற்கரையில் வலை பின்னுவது, மீன் பிரிப்பது, கடல்பாசி எடுப்பது எல்லாமே குடும்பத் தொழில்தான், இதில் எது உதவி, எது வேலை என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

படிப்பு உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுங்கள், அப்பா சிறையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விடுதியில் இடம் கொடுங்கள் என்று கேட்டுப் போராட ஆளும் பயணச் செலவும் வேண்டும், அதற்குப் பணம் கொடுங்கள் என்று அந்த இரண்டு பேரும் கேட்டிருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். கொடுக்கிறவர்களும் ரசீது கேட்டு வாங்குங்கள். பழைய வருமான வரிமுறையில் இருந்தால் நன்கொடைக்கான வரிச் சலுகைக்கு அமைப்பு தரும் நன்கொடைச் சான்றிதழையும் கேளுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்ததும் பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் ஒரு நிருபரை அனுப்புங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் திரும்பி வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதட்டும். படம் எடுப்பதாக இருந்தால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.