கையெழுத்துப் போடுமுன்

சைதாப்பேட்டை,
ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். மழை தொடங்கிவிட்டதால் முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல், மற்றபடி ஒன்றும் இல்லை. உன் சுகம், மருமகள் சுகம், பாப்பா சுகம் அறிய ஆவல். எதிர்வீட்டுப் பிள்ளை துபாய்க்குத் திரும்பும்போது பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பினேனே, வந்து சேர்ந்தனவா? உன் கையிலேயே கொடுத்துவிட்டதாக அவன் சொல்கிறான். நீ ஒன்றும் சொல்லவில்லை.

சுதந்திர தினத்தன்று பேசியது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணம் மட்டும் முதல் தேதி தவறாமல் வருகிறது. பாங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் என் மகன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறேன். இப்படி எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். நீ இரவில் தூங்குவதில்லை என்று மருமகள் சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. புதிதாகக் கடன் வாங்காதே. பழைய மாமல்லபுரம் சாலையில் வாங்கிய வீட்டுக்கே இன்னும் எத்தனை வருடம் தவணை இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ராயபுரம் மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்று ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. போன வருடம் நீ கொடுத்த பணத்தில்தான் மணியடிக்கிறவர் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள், நினைவிருக்கிறதா? இன்றும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி நன்றாக இருக்கிறாரா அம்மா?" என்று கேட்டார். பத்துப் பேர் நடுவில் கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறான் என்றேன்.

நான் வழக்கம்போல் பிடி அரிசி டப்பாவைக் கொண்டுபோய் வைத்தேன். உனக்குப் பால் மாவு வாங்கிய அதே டப்பா. மூடி நெளிந்து, படமெல்லாம் அழிந்து, வெறும் தகரமாகிவிட்டது. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் அரிசி களைவேன். உன் பாட்டி கற்றுக்கொடுத்த பழக்கம். வீட்டில் ஒரு படி அரிசிதான் இருந்தது என்ற நாளிலும் அந்தப் பிடியை நான் எடுக்காமல் இருந்ததில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு நல்ல பெயர். அந்த அரிசியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கேட்டுக் கட்டடக்காரர் அனுப்பிய காகிதங்கள் கூடத்து மேசையில் அப்பா படத்துக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. அந்த அலுவலகத்துப் பையன் இரண்டு தடவை வந்தான். மெட்ரோ வந்த பிறகு இந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று எனக்கே கணக்குப் போட்டுக் காட்டினான். கீழே கார் நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி, நமக்கு இரண்டு வீடு, கையில் ரொக்கம். உன் தவணைக் கஷ்டமெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்பது எனக்கும் புரிகிறது. "காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?" என்று அன்று கேட்டாய். "பூமியில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்று இயேசு சொல்லியிருக்கிறார்" என்றேன். "ஜெபம் பண்ணினால் தவணை கட்டமுடியாது அம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய்.

நீ சொன்னது சரி. உன் பணத்தை நான் பழிக்கவில்லை, தம்பி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பணம் எல்லாத் தீமைக்கும் வேர் என்று எழுதவில்லை, பண ஆசை என்றுதான் எழுதினார். நீ உழைத்துச் சம்பாதிக்கிறாய். அன்று நான் வசனத்தைச் சொன்னது வாயை மூடிக்கொள்ள ஒரு துணி கிடைத்ததுபோல. காரணம் வேறு.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் சின்னமலைக்கு அழைத்துப்போனேன். இயேசுவின் சீடர் தோமா ஒளிந்திருந்தார் என்று சொல்லும் குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டபோரஸ் ராஜா கதையைச் சொன்னேன். நம் வேதாகமத்தில் சேராத பழைய நூலில் வருவது. அரண்மனை கட்ட ராஜா கொடுத்த பொன்னையெல்லாம் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். எவ்வளவு முடிந்தது என்று ராஜா ஆள் அனுப்பிக் கேட்டபோது, "கட்டியாயிற்று, கூரை மட்டும்தான் பாக்கி" என்று சொல்லியனுப்பினார். ராஜா இன்னும் பொன் அனுப்பினான். அதுவும் ஏழைகளுக்கே போயிற்று. ராஜாவின் தம்பி செத்துப் பரலோகத்தில் அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பிவந்தான் என்பது கதை. நீ பாலத்தில் நின்றுவிட்டாய். "அப்படியென்றால் தோமா பொய் சொன்னாரா அம்மா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது 1993. இன்னும் ஐந்து வருடம் கழித்து நான் பேசப்போகும் பொய்க்கு எதிராக என் பிள்ளையே முன்கூட்டிக் கேட்டதுபோல இப்போது இருக்கிறது.

லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்து ஐசுவரியவான் கதை உனக்கு மனப்பாடம். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் பார்த்தவன், அந்த இராத்திரியே செத்தான். ஞாயிறு பள்ளியில் அதை ஒப்பித்து நீ பரிசு வாங்கினாய். அந்தக் கதையை இயேசு எதற்காகச் சொன்னார் என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அதற்கு முந்தின வசனங்களைப் பார். ஒருவன் வந்து, ஆஸ்தியில் என் பங்கைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். அந்தச் சொத்துத் தகராறுக்குப் பதிலாகத்தான் களஞ்சியக் கதையே வருகிறது. போன மாதம் ஐக்கிய சங்கத்தில் அந்தப் பகுதியை நான் பேசவேண்டியிருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வீடு உன் தாத்தா கட்டியது. பாட்டி முன்பே போய்விட்டார்கள். தாத்தா உயில் எழுதாமல் 1997-இல் இறந்தார். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அப்பாவுக்குப் பாதி, அம்பத்தூர் அத்தைக்குப் பாதி. அப்பா அதில் குழப்பமில்லாமல் இருந்தார். நான்தான் தூங்கவிடவில்லை. "கல்யாணத்தில் இருபத்தைந்து பவுன் போட்டாயிற்று, இன்னும் என்ன பங்கு? நமக்கு ஒரே பையன், அவனைப் படிக்கவைக்க வேண்டாமா?" என்று இரவுக்கு இரவு சொன்னேன். மாதக்கணக்கில் சொன்னேன். அப்பாவை நீ ஒரு வார்த்தை குறை சொல்லாதே.

1998-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில், அத்தை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதினோம். அத்தை இடுப்பில் கைக்குழந்தை. பத்திரத்தை அவள் படிக்கவில்லை. "அண்ணன் சொன்னால் சரி" என்று கையெழுத்துப் போட்டாள். பத்தாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பணத்தை நாங்கள் கொடுக்கவே இல்லை. வெளியே வந்து டிபன் வாங்கிக்கொடுத்து, ஒரு நூல் புடவை எடுத்துக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம். 2004-இல் உன் கல்லூரிக் கட்டணத்துக்கு அடமானம் வைத்தது இந்தப் பத்திரத்தோடு சேர்ந்த வீட்டைத்தான். நீ உட்கார்ந்து படித்த மேசை, இன்றைக்கு உனக்கு இருக்கும் வேலை, எல்லாவற்றிலும் அவள் பங்கு கலந்திருக்கிறது. இதை உன்மேல் பழியாக எழுதவில்லை. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது நீ துபாயில் இருந்தாய். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், உன்னால் வரமுடியவில்லை. அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு வீட்டுக்குள் நின்றது. நானும் அப்பாவும் மொட்டைமாடியில் இரண்டு இரவு இருந்தோம். தண்ணீர் வடிந்த மறுநாள் முதலில் வந்தது அத்தைதான். தூக்குச் சட்டியில் புளிச்சாதம், கையில் துடைப்பம். சேற்றை அள்ளிக் கொட்டினாள். பீரோவின் கதவு சேற்றில் இறுகி, திறக்கவே முடியவில்லை. உடைத்துத் திறந்தாள். என் கல்யாணப் புடவையின் சரிகை கறுத்து, உன் ஞானஸ்நானப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. மேல் தட்டில் பிளாஸ்டிக் உறையில் இருந்த பத்திரங்கள் மட்டும் தப்பின, ஓரம்தான் நனைந்திருந்தது. அவள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து முந்தானையால் ஒற்றினாள். ஒரு தாளில் அவள் கை நின்றது. அவளுடைய கையெழுத்து. அன்றுதான் அதை முழுவதும் படித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசித் தாளை என்னிடம் நீட்டி, "அண்ணி, இதை வெயிலில் போடாதீர்கள், மை வெளுத்துவிடும். நிழலில் காயட்டும்" என்றாள். பிறகு போய் அடுப்படியைக் கழுவ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்கென்று அச்சுமுறுக்கு சுட்டு அனுப்பினாள். வாடகை வீட்டிலிருந்து அனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபிறகு தையல் மெஷினில் ஓடிய குடும்பம் அது. இங்கே நான் பிடி அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். பீரோவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு துருக் கோடு இன்னும் இருக்கிறது. நீ வந்தபோது பெயின்ட் அடித்தாய், மறுபடியும் மேலே வந்துவிட்டது.

இன்று ஆலயத்தில் காணிக்கைகளை ஏலம் விட்டபோது என் அரிசியை எடுத்தது அத்தை. இருநூறு ரூபாய். அவளிடம் அதற்குமேல் இல்லை. பையில் கொட்டிக் கட்டிக்கொண்டு, "அண்ணி கையால் எடுத்துவைத்த அரிசி, ஆசீர்வாதமாக இருக்கும்" என்றாள். வாய்வரை வந்தது, சொல்லமுடியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் இதை எழுதுகிறேன்.

வக்கீலிடம் கேட்டுவிட்டேன். அப்பா உயில் எழுதாததால் வீட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு, உனக்கு மூன்றில் இரண்டு. என் பங்கை அத்தைக்கு எழுதிக்கொடுக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை, எழுதப்போகிறேன். ஆனாலும் அது அவளுக்குச் சேரவேண்டிய பாதிக்கு வராது. ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அதற்கு உன் கையெழுத்து வேண்டும். கட்டடக்காரருக்கு வீட்டைக் கொடுப்பதானாலும் அத்தை பெயரும் சேர்ந்துதான் கொடுக்கவேண்டும். உன் தவணைக்கு இது இடிக்கும் என்று தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். புதிதாகக் கடன் மட்டும் வாங்காதே.

சனிக்கிழமை காலை ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் மாறி அம்பத்தூர் போகிறேன். பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவேன் என்று தெரியவில்லை. வெள்ளி இரவு நீ போன் பண்ணினால் எனக்குத் தைரியமாக இருக்கும். திட்டுவதற்காகவாவது பண்ணு.

பாப்பாவுக்கு முத்தம். பருப்புப் பொடி வந்ததா என்று சொல்.

அன்புள்ள
அம்மா