இடப்பக்கக் கவுலிங்கையாவது விட்டுவையுங்கள்

விமான அருங்காட்சியகப் புனரமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் பயிற்சி விமானமான டைகர் மாத்தின் அடிப்பக்கத்துக்குக் கறுப்பு வண்ணம் என்று முடிவாகிவிட்டதாம். ஆதாரம், போர்க்காலப் புகைப்படம் ஒன்றே ஒன்று. அதை நம்பி வலப்பக்கக் கவுலிங்கில், அதாவது எஞ்சினை மூடும் தகட்டில், பூச்சை நீக்கும் பெயின்ட் ஸ்டிரிப்பர் தடவி, வெறும் தகடு தெரிய வழித்தும் ஆயிற்று. அதிலிருந்த பூச்சு அடுக்குகள் போனது போனதுதான்.

அந்தப் படத்தில் உடற்பகுதியின் வட்டச் சின்னத்தைப் பார்த்தீர்களா? நடுச் சிவப்பு கன்னங்கரேல் என்றிருக்கிறது, நீலம் வெளிறிக் கிடக்கிறது, வெளிவளையமும் கறுப்பு. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் அப்படித்தான் காட்டும். நீலமும் பச்சையும் அதில் பதியும். ஏறத்தாழ 590 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேல், அதாவது ஆரஞ்சு, சிவப்பு ஒளிக்கு, அது குருடு. அதனால் சிவப்பு கறுக்கும், மஞ்சளும் இருண்டுபோகும். எல்லா நிறமும் பதியும் பான்குரோமாட்டிக் ஃபிலிமாக இருந்தால் வளையம் வெளுத்திருக்கும். அந்த வளையம் மஞ்சள் என்பதில் உங்களுக்கே ஐயமில்லை. அதே சாயலில் தெரியும் அடிப்பக்கம் மட்டும் எப்படிக் கறுப்பாயிற்று? போர்க்காலப் பிரிட்டிஷ் பயிற்சி விமானங்களுக்கு மேலே பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்பு, கீழே மஞ்சள்.

இறக்கைத் துணி பலமுறை மாறியிருக்கும். அதில் தேடிப் பயனில்லை. உலோகம்தான் சாட்சி. இடப்பக்கக் கவுலிங்கின் கீழ் ஓரத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து, ஒரு நாணய அளவுக்கு 400, 800, 1200 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேயுங்கள். சரிவாகத் தேய்த்தால் அடுக்குகள் மர வளையங்கள்போல் விரியும். தகட்டை ஒட்டிய பச்சைமஞ்சள் வெறும் அடிப்பூச்சாக (ப்ரைமராக) இருக்கலாம். அதை மேல்பூச்சு என்று எண்ணிவிடாதீர்கள். சுண்ணாம்புபோல் வெளுத்த பரப்பை நனைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் தர வண்ண அட்டையின் 356-ஆம் எண் மஞ்சளோடு ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை.

வண்ணமேற்றும் செயலியும் கறுப்பைத்தான் காட்டியதாம். காட்டாமல் என்ன செய்யும்? கறுப்பு வெள்ளையைக் கொடுத்தால் அது ஊகிக்கும். முதல் உலகப்போரின் ஜெர்மன் விமானி ரிஷ்ட்ஹோஃபெனின் சிவப்பு விமானத்தையும் அது கறுப்பாக்கக்கூடும். நிதி கேட்கும் அறிக்கையில் மட்டும் ‘அசல் வண்ணம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: சுரண்டிப் பார்க்கும்வரை இடப்பக்கக் கவுலிங்கில் ஸ்டிரிப்பர் படக்கூடாது. பார்த்த பிறகும் கறுப்புதான் என்றால் பூசுங்கள். உள்ளங்கை அளவு பழைய பூச்சை மட்டும் மூடாமல் விட்டுவையுங்கள்.