படத்தின் கீழே பெயரும் ஆண்டும் எங்கே?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு அரச குடும்ப ஓவியங்களைப் பக்கம் நிறைய வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் ஒன்றின் கீழும் ஓவியர் பெயரோ ஆண்டோ இல்லை. அவை தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடுகிறது. 1701-ல் ரிகோ வரைந்தபோது பதினான்காம் லூயி அறுபதைத் தாண்டியவர். படத்திலோ கால்கள் மட்டும் இளைஞனுடையவை!

மரி அன்துவானெத் வெள்ளை மஸ்லின் உடையில் இருக்கும் படம் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் வரைந்தது. 1783-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்ததும், ராணியை உள்ளாடையோடு காட்டுவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அதை இறக்கிவிட்டு, பட்டு உடையில் வேறொரு படம் மாட்டினார்கள்.

அப்புறம், பிரெஞ்சுப் புரட்சியின்போது ஓவியர் டேவிட் 1793 அக்டோபர் 16 அன்று பேனாவால் வரைந்த சின்னச் சித்திரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? முடி வெட்டப்பட்டு, கைகள் பின்னால் கட்டப்பட்டு, தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்துக்குப் போகும் அதே ராணி. ராணியின் கணவரான அரசர் பதினாறாம் லூயியின் மரண தண்டனைக்கு வாக்களித்தவர் டேவிட். அந்தக் கோடுகளில் இருப்பது கேலியா, இரக்கமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த இணைப்பில் அதையும் போடுங்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்