உன் நாவல்ல யாழினியக் காணோம்

கண்ணம்மா,

நீ அனுப்பின 'இரவல்' முழுசும் படிச்சு முடிச்சுட்டேன். போன்ல சொல்லிடலாம்னு ரெண்டு தடவ எடுத்தேன், ஆனா போன்ல பேசினா நீ "பிடிச்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லு"ன்னு கேப்ப, எனக்கு அப்படி ஒரு வார்த்தையில சொல்ல வராது, அதான் உக்காந்து எழுதறேன். ஸ்க்ரீன்ல படிக்க கண்ணு ஒத்துக்கல, 340 பக்கத்தையும் ப்ரிண்ட் எடுத்து பென்சிலும் கையுமாதான் படிச்சேன்.

முதல்ல பிடிச்சத சொல்லிடறேன். எட்டாவது அத்தியாயம் வரைக்கும், யாழினி உடம்புக்குள்ள புகுந்த சிலிர்ங்கற அந்த வேற்றுகிரக உயிர நீ "அது"ன்னுதான் எழுதியிருக்க. அது பாத்தது, அது நடக்கக் கத்துக்கிட்டது, அது கண்ணாடியில யாழினி முகத்தப் பாத்து பயந்தது. ஒன்பதாவதுல அதுக்கு முதல் தடவ கண்ணுல தண்ணி வருது, ஏன் வருதுன்னு தெரியாம விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பாக்குது, அடுத்த வரியில நீ "அழுதாள்"னு போட்டுட்ட. ஒரு விளக்கமும் இல்ல, அஃறிணை உயர்திணை ஆயிடுச்சு. நான் பேப்பரக் கீழ வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்டி. ஸ்கூல்ல இலக்கண வகுப்புன்னா ஓடி ஒளிவியே, அந்தப் பொண்ணா இத எழுதினதுன்னு இருந்துச்சு.

அதே மாதிரி கதிர் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கற இடம். விபத்துல பேச்சு போன பேஷன்ட்னு நெனச்சுதான் அவன் சொல்லிக் குடுக்கறான், உள்ள இருக்கறது வேற ஒரு உயிருன்னு அவனுக்குத் தெரியாது. நாமன்னா நீயும் சேத்து, நாங்கன்னா நீ இல்லாமன்னு அவன் சொல்றப்ப, சிலிர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "நாங்க வந்தோம்"னு சொல்லுது. அவன் தப்புன்னு திருத்தறான், "நீங்க ஒருத்தர்தானே, நான் வந்தேன்னு சொல்லுங்க"ங்கறான். படிக்கறவங்களுக்கு மட்டும் தெரியும் அது சரியாத்தான் சொல்லுச்சுன்னு. அந்தப் பக்கத்தோட ஓரத்துல நான் ஒரு பெரிய டிக் போட்டு வெச்சிருக்கேன்.

இப்ப மனசுல இருக்கறத சொல்றேன், கோவிச்சுக்காத. பத்தாவது அத்தியாயத்துக்கு அப்புறம் யாழினி எங்க போனா? அந்த உடம்பு அவளோடது, நீயே மூணாவது அத்தியாயத்துல அவ சாகல, உள்ளதான் இருக்கா, எல்லாத்தயும் பாக்கறா, கேக்கறா, ஆனா ஒரு விரலக்கூட அசைக்க முடியலன்னு எழுதியிருக்க. அப்புறம் சிலிருக்கும் கதிருக்கும் காதல் வந்த உடனே அவள மறந்துட்ட. பதினாலாவதுல அவன் முத்தம் குடுக்கறான், ரொம்ப அழகா எழுதியிருக்க, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா படிக்கறப்ப எனக்கு மூச்சு முட்டுச்சு. ஏன்னா அந்த உதடு யாழினியோடது, அவளுக்கு கதிர் யாருன்னே தெரியாது, அவ கண்ணு வழியா அவன் முகம் கிட்ட வர்றத அவ பாத்துக்கிட்டு இருக்கா. முடிஞ்சதும் சிலிர் "நாம போலாமா"ங்கறா. அந்த நாமல எத்தன பேருடி? ரெண்டா மூணா? ஏழாவது அத்தியாயத்துல அவ்வளவு பாத்துப் பாத்து வெச்ச வார்த்தைய இங்க சாதாரணமா விட்டுட்ட.

நான் முப்பது வருஷம் பயாலஜி எடுத்தவ, அதனால சொல்றேன், நம்ம பூமியிலயே இதெல்லாம் நடக்குது, நீ அதப் படிச்சா நாவலுக்கு உதவும். ஆஃபியோகார்டிசெப்ஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, எறும்பு உடம்புக்குள்ள போய் வளரும், எறும்பு கூட்ட விட்டு வெளிய வந்து ஏதோ ஒரு இலைக்கு அடியில போய் நரம்பக் கடிச்சுக்கிட்டு அப்படியே செத்துடும், அப்புறம் அதோட தலைக்குப் பின்னால இருந்து பூஞ்சையோட தண்டு முளைக்கும். ரொம்ப நாள் எல்லாரும் இது மூளைக்குள்ள போய்தான் ஆட்டி வைக்குதுன்னு நெனச்சாங்க. 2017-ல மைக்ராஸ்கோப்ல துண்டு துண்டாப் பாத்தா, தாடை, கால்னு எல்லா தசையையும் சுத்தி பூஞ்சை வலை மாதிரி பின்னியிருக்கு, மூளைக்குள்ள மட்டும் போகவே இல்ல. அதாவது எறும்போட மூளை எறும்புகிட்டயே இருக்கு, உடம்பு மட்டும் வேற யாரோ சொல்ற இடத்துக்குப் போகுது. உன் யாழினி இதுதானே?

இன்னொன்னு மரகதக் குளவி. அது கரப்பான் பூச்சியோட தலைக்குள்ள பாத்துக் கொட்டும், பக்கவாதம் வராது, கரப்பானால நடக்க முடியும், ஆனா தானா கெளம்பணும்னு தோணாது. குளவி அதோட உணர்கொம்பப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும், பின்னாலயே நடந்து போகும், வளைக்குள்ள போய் நிக்கும், அங்க குளவி அது மேல முட்டை வெச்சுட்டு வாசல அடைச்சுடும். எறும்புக்கு உடம்ப எடுத்துக்கிட்டாங்க, கரப்பானுக்கு விருப்பத்த எடுத்துக்கிட்டாங்க. சிலிர் யாழினிகிட்ட இருந்து எத எடுத்துச்சுன்னு நீ இன்னும் முடிவு பண்ணலன்னு எனக்குப் படுது. சில பக்கத்துல அவ உள்ள கத்தறா, சில பக்கத்துல அவளுக்கு எதுவும் தோணவே மாட்டேங்குது. ரெண்டும் வேற வேற கொடுமை, ஒண்ண வெச்சுக்கோ.

நம்ம கதையிலயும் இருக்கே, கூடு விட்டுக் கூடு பாயறது. பெரிய புராணத்துல திருமூலர் கதை சின்னதுல உனக்கு சொல்லியிருக்கேன், மாடு மேய்க்கற மூலன் செத்துக் கெடக்கான், மாடெல்லாம் அவனச் சுத்தி நின்னு கதறுது, அதுங்க துக்கம் தாங்காம அந்த யோகி அவன் உடம்புக்குள்ள போறார். எல்லாரும் அந்த இடத்தோட கதைய விட்டுட்டு திருமந்திரத்துக்குப் போயிடுவாங்க. எனக்கு எப்பவும் மூலனோட பொண்டாட்டிதான் ஞாபகம் வருவா. புருஷன் இன்னும் வரலயேன்னு தேடிக்கிட்டு வர்றா, அதே முகம், அதே உடம்பு, கிட்டப் போய் தொடப் போறா, அவர் தடுத்து, உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லன்னு சொல்லிடறார். அவளுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்! ஆனா அவர் செஞ்சது சரி, ஏன்னா உடம்பு கெடச்சதால அந்த உடம்போட உறவு தனக்கு வந்துடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அங்க மூலன் செத்துட்டான், அப்பவே அவர் இவ்வளவு யோசிச்சார். உன் கதையில யாழினி உயிரோட இருக்கா.

சிலிர் கெட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். நீ அவள வில்லியா எழுதாததுதான் இந்த நாவலோட அழகே, பூமிய பிடிக்க வந்த எதிரின்னு எழுதறது சுலபம், தனியா மிதந்துக்கிட்டு இருந்த ஒரு உயிர் முதல் தடவ ஒரு கை சூட்ட உணர்ந்து அதுல மயங்கறத எழுதறது கஷ்டம். ஆனா அன்பா இருக்கறதும் கேட்டுட்டு செய்யறதும் ஒண்ணு இல்லடி.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, உன்னப் பெத்த கதைய உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கேன். வலி எடுத்து ரொம்ப நேரம் ஆகியும் நீ வெளிய வரல, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் முடிவு பண்ணினார், வாசல்ல நின்னு அப்பாகிட்ட பேசினார், தாத்தாகிட்ட பேசினார், அப்பா கையெழுத்து போட்டார். நான் முழு நினைவோட நாலடி தள்ளிப் படுத்திருந்தேன், என்ன ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. நான் ஏதோ கேக்க வாயத் தொறந்தப்ப "பேசாம படும்மா"ன்னு ஒரு குரல். ஆபரேஷன் தேவைதான், நீயும் நல்லபடியா வந்த, யார் மேலயும் எனக்கு இப்ப கோவம் இல்ல. ஆனா கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன், அந்த சரிய சொல்ல விடலயேன்னு இன்னிக்கும் இருக்கு.

முதுகுல ஊசி போட்டதுக்கு அப்புறம் நடந்தது உனக்கு உபயோகப்படும், எடுத்துக்கோ. என் கால் ரெண்டும் முட்டி மடங்கி இருக்குன்னே எனக்குத் தோணிக்கிட்டு இருந்துச்சு, அப்பதான் மடக்கியிருந்தேன், அந்த நெனப்பு அப்படியே தங்கிடுச்சு. திரைக்கு மேல எட்டிப் பாத்தா நர்ஸ் ஒரு கால தூக்கி நேரா வைக்கறாங்க. யாரோட கால்னு நெனச்சேன். மெட்டியப் பாத்துட்டுதான் என்னோடதுன்னு தெரிஞ்சுது. யாழினி உள்ள இருந்து தன் கையப் பாக்கறப்ப "அந்நியமாக இருந்தது"ன்னு நீ எழுதியிருக்கியே, அந்நியம்னு சொல்லாத, அவளுக்குக் கை ஒரு இடத்துல இருக்குன்னு தோணணும், கண்ணு வேற இடத்துல காட்டணும்.

உடம்ப ரெண்டு பேர் பங்கு போட்டுக்கறது எனக்குத் தெரியாததா, ஒன்பது மாசம் நான் மனசுக்குள்ள நாங்கன்னுதான் சொல்லிக்கிட்டேன். 1996-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆம்பளப் புள்ள பெத்த அம்மாக்களோட ரத்தத்துல அந்தக் குழந்தையோட செல் 27 வருஷத்துக்கு அப்புறமும் இருந்திருக்கு. ஒய் குரோமோசோம் அம்மாவுக்குக் கெடையாது, அதனால சுலபமா கண்டுபிடிச்சாங்க. பொண்ணுன்னா கண்டுபிடிக்கறது கஷ்டம், அவ்வளவுதான். உனக்கு இப்ப 29. பூமியோட அந்தப் பக்கத்துல நீ தூங்கறப்ப எனக்கு இங்க விடியுது, ஆனா இத நெனச்சா அவ்வளவு தூரமா தெரியல.

சரி, யாழினிய எப்படி திரும்பக் கொண்டு வர்றதுன்னு யோசிச்சேன். சிலிர் அவளோட ஞாபகத்தயெல்லாம் டைரி மாதிரி படிச்சுடுது இல்லையா, ஆனா ஞாபகம் எல்லாம் ஒரே எடத்துல இருக்காது. ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு 1953-ல வலிப்புக்காக மூளையோட ரெண்டு பக்கமும் புது ஞாபகத்தப் பதிக்கற ஹிப்போகேம்பஸ்ல பெரும்பகுதிய எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் புதுசா எதுவும் அவர் மனசுல நிக்கல. ஆனா கண்ணாடியப் பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையற பயிற்சி குடுத்தா நாளுக்கு நாள் கை நல்லா வரையுது, அவரக் கேட்டா இத நான் வரைஞ்சதே இல்லங்கறார். கை கத்துக்கிட்டது கைகிட்டயே இருந்துச்சு. அப்ப சிலிர் படிக்க முடியாத ஒரு யாழினி அவ விரல்ல இருக்கலாமே, அவ குரல் வழியா பேச வேண்டாம்.

ரெண்டாவது அத்தியாயத்துல நீ ஒரு வரி எழுதிட்டு மறந்துட்ட, 31-ஆம் பக்கம் பாரு. பயம் வந்தா யாழினி கட்டைவிரல உள்ள மடக்கி மத்த நாலு விரலால மூடிப்பா. அத பதினாலாவதுக்கு எடுத்துட்டு போ. கதிர் கையப் பிடிக்கறப்ப சிலிர் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா, ஆனா கட்டைவிரல் மட்டும் தானா உள்ள மடங்குது. சிலிருக்கு ஏன்னு புரியல, பிரிக்கப் பாக்கறா, முடியல. அவன் பேச்சுப் பயிற்சி குடுக்கறவன், சின்ன அசைவக்கூட கவனிக்கற பழக்கம் உள்ளவன், அவன் அதப் பாக்கட்டும். முத்தம் அதுக்கப்புறம் வருமா வராதான்னு நீ முடிவு பண்ணு, நான் சொல்ல மாட்டேன்.

அந்த வரிய நீ எங்கேர்ந்து எடுத்தன்னு உனக்கே தெரியுமோ என்னவோ. எல்கேஜி முதல் நாள் கேட் வரைக்கும் நீ அழவே இல்ல, எல்லாரும் சமத்துன்னாங்க. நான் மட்டும் உன் கையப் பாத்தேன், கட்டைவிரல உள்ள வெச்சு அப்படி ஒரு இறுக்கு. அதப் பிரிச்சு விட்டுட்டுதான் அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன்.

பதினாலாவது அத்தியாயத்த திருத்தினதும் முதல்ல எனக்கு அனுப்பு.

அம்மா