அருகில் உருகக்கூடிய உலோகம் இருக்கிறதா? பாதுகாப்பு விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆலைக் கட்டுமானங்களுக்கும் குழாய்ப் பாதைகளுக்கும் விதிகள் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். துருவைப் பற்றி, வெப்பத்தைப் பற்றி, அழுத்தத்தைப் பற்றிக் கேட்காத சோதனைப் படிவம் இல்லை. உருகிய ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் படிவம்தான் அரிதாக இருக்கிறது.

காலியம் என்ற உலோகம் சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டிவிட்டு, அந்தக் கீறலில் ஒரு சொட்டு காலியத்தைத் தேய்த்து வையுங்கள். சில மணி நேரம் கழித்து வளைத்துப் பார்த்தால் தகடு பிஸ்கட் மாதிரி உடையும். அலுமினியம் அரித்துப் போகவில்லை, தடிமனும் குறையவில்லை. படிகத் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் எல்லைகளில் காலியம் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது, அவ்வளவுதான். இழுவிசையும் சேர்ந்துகொண்டால் விரிசல் வெகுவேகமாக ஓடும். தடிமன் மானியை மட்டும் நம்பிச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

எல்லா உலோக ஜோடிக்கும் இப்படி நடப்பதில்லை. ஆபத்தான ஜோடிகள் எவை என்பது தெரிந்த விஷயம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துத்தநாகமும் அவற்றில் ஒன்று. துத்தநாகம் 420 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகும். 750 டிகிரியைத் தாண்டினால் ஆஸ்டெனிடிக் ஸ்டீலுக்குள் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பரவலான வகை இது) துத்தநாகம் பாயும் வேகம் மிரள வைக்கும். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய நடைபாதைக்குக் கீழே ஸ்டெயின்லெஸ் குழாய் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு சிறு தீ போதும், பூச்சு உருகிக் குழாயின் மேல் சொட்டும். 28 பேர் இறந்த 1974 ஃப்ளிக்ஸ்பரோ (இங்கிலாந்து) ரசாயன ஆலை வெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், ஒரு 8 அங்குல ஸ்டெயின்லெஸ் குழாயில் துத்தநாகம் உண்டாக்கிய விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. வெடிப்பின் மூலகாரணம் எது என்ற பழைய வழக்குக்குள் நான் போகவில்லை. விரிசல் இருந்தது என்பதே என் வாதத்துக்குப் போதும்.

இயற்கை எரிவாயுவோடு வரும் பாதரசம் இன்னொரு வில்லன். 2004 ஜனவரி 1 அன்று தென் ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையில் அலுமினிய வெப்பப் பரிமாற்றியின் நுழைவாய் பாதரசத்தால் நொறுங்கியது. கசிந்த வாயு வெடித்துத் தீப்பிடித்தது.

“தடிமனைக் கூட்டிவிடலாம்” என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிரச்சினை தடிமனில் இல்லை. தடித்த தகட்டை வெல்டிங் செய்தால் உள்ளே தங்கும் இழுவிசை கூடவும் செய்யலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு மேலே மறைப்பு இல்லாமல் கால்வனைஸ் பொருள் எதையும் அனுமதிக்காதீர்கள். அத்தகைய பொருளை ஸ்டெயின்லெஸ்ஸோடு வெல்டிங் செய்யும் முன், பூச்சை முழுக்க நீக்கியாக வேண்டும் என்று எழுதுங்கள். “இயன்றவரை” என்ற சொல் அந்த விதியில் வேண்டாம். அலுமினியப் பரிமாற்றிக்கு முன்னால் பாதரசத்தை நீக்கும் கலமும், அதிலிருந்து வெளிவரும் வாயுவில் தவறாத அளவீடும் கட்டாயமாகட்டும். தீ விபத்துக்குப் பின் ஒரு குழாயை மறுபடி பயன்படுத்த அனுமதிக்கும் முன், அதன் மேல் துத்தநாகம் சொட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஹாட் ஒர்க் பெர்மிட்டில் (வெல்டிங் போன்ற தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டில்) இந்த மடலின் தலைப்பையே ஒரு கேள்வியாகச் சேருங்கள். அடுத்த திருத்தம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
உலோகப் பழுதுகளை ஆராயும் பொறியாளர் ஒருவர்