முதுகைத் திட்டுமுன் கட்டிலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செவிலியரின் நடை உடை பாவனை என்று பேச்செடுத்தாலே, ‘நிமிர்ந்து நில், தோளைத் தொங்கவிடாதே, சிரித்த முகமாக இரு’ என்று அறிவுரை தொடங்கிவிடுகிறது. தவறில்லை. ஆனால், தொடை உயரத்துக்குக் கீழே கிடக்கும் கட்டிலில் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது எவரால் நிமிர்ந்து நிற்க முடியும்? செவிலியர் எப்படி நிற்கிறார் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது கட்டிலின் உயரம்தான்.

உயரம் மாற்றும் வசதியுள்ள கட்டில் என்றால், டிரெஸ்ஸிங், உடம்பு துடைத்தல் போன்ற வேலைகளுக்கு மெத்தை நம் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் வர வேண்டும். நாம் நிற்கும் பக்கத்துத் தடுப்புக் கம்பியை இறக்கிவிட வேண்டும். அதன் மேல் எட்டிக் குனிவதில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தும்போது கட்டில் இன்னும் தாழ வேண்டும். தோள், கைக்கு நேர் மேலே வந்து முழங்கை மடங்காமல் இருந்தால்தான் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த முடியும். கட்டில் இறங்காவிட்டால் படி ஸ்டூலில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எந்த வேலையானாலும் முடிந்த கையோடு கட்டிலைத் தாழ்த்தி பிரேக் போட வேண்டும். மறந்தால் இரவில் எழுந்து இறங்குபவர் விழுவார்.

பல கட்டில்களில் கால்மாட்டுக் கைப்பிடி தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும்தான் தூக்கும், கட்டிலை மொத்தமாகத் தூக்காது. அங்கே கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவதே சரி. உட்கார்ந்து வேலை செய்தால் சோம்பல் என்று முகம் சுளிக்கும் மேற்பார்வையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தால் முன்கை மெத்தையில் ஊன்றும், ஊசி தோலோடு படிந்த சாய்வில் நுழையும். குனிந்து நின்று குத்தினால் சாய்வு கூடி, ஊசி ரத்தக்குழாயின் பின்சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். கை வீங்கும், மறுபடி குத்த வேண்டிவரும்.

நழுவிக் கீழே வந்த நோயாளியை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவர் தோளும் போகும், நம் முதுகும் போகும். ஸ்லைடு ஷீட் என்ற வழுக்கும் விரிப்பை அவருக்கு அடியில் விரிக்க வேண்டும். மூச்சுத்திணறல் இல்லாதவரானால் தலைப்பக்கத்தை மட்டமாக்கி, தலையணையைக் கட்டிலின் தலைப்பலகையில் சாத்தி வைக்கலாம். முடிந்தால் அவரையே முழங்காலை மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்க்கச் சொல்லலாம். ஆளுக்கொரு பக்கமாக நின்று, பாதம் தலைமாட்டை நோக்க, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றதும் உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றினால் ஷீட் தானே வழுக்கிப்போகும். தூக்கவே கூடாது, இழுப்பதோடு சரி. முழங்காலை மடக்கித் தூக்கினால் எவ்வளவும் தூக்கலாம் என்று நினைப்பது ஏமாற்று. நோயாளியைக் கையால் தாங்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் பரிந்துரைத்த வரம்பு. 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே சுமார் 11 கிலோ இருக்கும்.

பாவனைக்கு வருவோம். நோயாளியின் கண்ணில் படும்படி உட்கார வேண்டும், பேச்சுக்காக அவர் கழுத்தைத் திருப்ப வைக்கக் கூடாது, கட்டிலில் சாயவோ உட்காரவோ கூடாது என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கட்டிலை லேசாக உலுக்கினாலும் தையல் போட்ட வயிற்றுக்கு அது தெரியும். கையைக் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்று விசாரிப்பதும், அவர் தலைக்கு மேலாகச் சக ஊழியரோடு பேசுவதும், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேஸ் ஷீட் எழுதுவதும் ஒரே ரகம். கடைசியாகச் சொன்னதில் கழுத்து வலி கூடுதல் வரவு. ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கையுறை மாட்டிய பின் கையைத் தொங்கவிடுவது வெறும் தோற்றக் குறை அல்ல: இடுப்புக்குக் கீழே போன கை சுத்தமானதாகக் கணக்கில் வராது, கையுறையை மாற்றியாக வேண்டும்.

வார்டைச் சுற்றிவரும் நிர்வாகிகள் சீருடையின் கசங்கலைப் பார்ப்பதோடு, கட்டில் கைப்பிடி துருப்பிடிக்காமல் சுழல்கிறதா, நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடிக்கிறதா, ஸ்லைடு ஷீட் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா என்றும் பார்க்கட்டும். பூட்டியிருந்தால் சாவி இரவு டூட்டியில் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர்கள்